பரிசுக் கதைகளின் கணக்கு

(புசல்லாவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஒருவர் படைத்த கதையின் மாந்தர்களையும் அவர்கள் உலவும் உலகத்தையும் எடுத்துக்கொண்டு, அந்தக் கதையில் மனம் தோய்ந்த வாசகர் எழுதும் புதிய கதைக்கு ரசிகர் புனைவு என்று பெயர். அந்தப் புனைவைக் குறித்த ஒரு வாசகருக்காக, அவர் விரும்பிக் கேட்டபடி, காசு வாங்காமல் எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு பரிசுப் பரிமாற்றம். இதில் சேருபவர் ஒவ்வொருவரும் இரண்டு பட்டியல் தர வேண்டும். தமக்கு எந்தக் கதையைப் பற்றி, எந்தப் பாத்திரங்களைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்பது முதற்பட்டியல். தம்மால் எவற்றைப் பற்றி எழுத முடியும் என்பது இரண்டாவது. நடத்துபவர்கள் இரண்டையும் ஒப்பிட்டு, கேட்டவருக்கும் எழுதக்கூடியவருக்கும் முடிச்சுப் போடுகிறார்கள். எழுதுபவருக்கு யாருக்காக எழுதுகிறோம் என்பது தெரியும். பெறுபவருக்குத் தமக்காக எழுதுபவர் யாரென்று கடைசி வரை தெரியாது. குறித்த நாளில் எல்லாக் கதைகளும் ஒன்றாக வெளியாகும். எழுதியவர்களின் பெயர் சில நாள் கழித்துத்தான் வெளிவரும்.

கலியாண வீட்டில் மொய் எழுதுவது இதற்கு நெருங்கிய வழக்கம். ஆனால் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. மொய், எழுதியவர் வீட்டுக்கே ஒருநாள் திரும்பிப் போகும். அதற்காகத்தான் மொய்க் கொப்பியைப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். கதைப் பரிமாற்றத்தில் முதலாமவர் இரண்டாமவருக்கு எழுதுகிறார், இரண்டாமவர் மூன்றாமவருக்கு எழுதுகிறார். கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுக்கும் கடன் இல்லை. கடன் முழு வட்டத்துக்கும் உரியது. அதனால் நடுவில் ஒருவர் எழுதாமல் விட்டால், தம் பங்கை ஒழுங்காக எழுதிக் கொடுத்த இன்னொருவர் வெறுங்கையோடு நிற்க நேரிடும். இந்த இடைவெளியை அடைப்பதற்கென்றே, குறுகிய நாட்களில் எழுதித் தரச் சம்மதிக்கும் மாற்று எழுத்தாளர்களை ஒவ்வொரு பரிமாற்றமும் தயாராக வைத்திருக்கிறது.

இன்று உலகில் நன்கு அறியப்பட்ட கதைப் பரிமாற்றம் யூல்டைட். 2003 இல் தொடங்கிய இது ஆண்டுக்கொரு முறை, நத்தாரை ஒட்டி நடக்கிறது. ஒக்டோபர் அளவில் பெயர் பதிவார்கள். டிசம்பர் 25 இல் கதைகள் திறக்கப்படும். ஜனவரி முதலாந் திகதி எழுதியவர்களின் பெயர் வெளியாகும். ஒவ்வொரு பரிசுக் கதையும் குறைந்தது ஆயிரம் சொற்கள் இருக்க வேண்டும். முதலில் தனக்கென்று ஓர் இணையத்தளம் வைத்திருந்த யூல்டைட், 2009 இல் ஆக்கைவ் ஒவ் அவர் ஓன் என்ற காப்பகத்துக்கு இடம் மாறியது. வாசகர்களே 2007 இல் தொடங்கிய இலாப நோக்கற்ற நிறுவனமொன்று அந்தக் காப்பகத்தை நடத்துகிறது. நாவலாசிரியர் நவோமி நோவிக் அதன் நிறுவுநர்களில் ஒருவர். காப்பகம் பொதுப் பாவனைக்கு வந்தது 2009 நவம்பர் 14 இல். அடுத்த மாதமே யூல்டைட்டின் கதைகள் அதில் வந்து குவிந்தன. புதிய கட்டமைப்புக்கு அது முதற்பெரும் சோதனை. 2014 பெப்ரவரியில் காப்பகத்தில் இருந்த படைப்புகள் பத்து இலட்சம். 2019 இல் ஐம்பது இலட்சம். 2022 இல் ஒரு கோடி. 2019 இல் டப்ளின் நகரில் அதற்கு ஹியூகோ விருதும் கிடைத்தது. இவ்வளவையும் தாங்கி நிற்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள் என்பதைத் தனியே சொல்லத்தான் வேண்டும்.

யூல்டைட்டின் தனித்தன்மை அதன் ஒற்றை விதியில் இருக்கிறது. பலர் எழுதும் புகழ்பெற்ற கதையுலகங்களுக்கு அதில் இடமில்லை. காப்பகத்தில் ஒரு கதையுலகம் பற்றிய படைப்புகள் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் அது தகுதி இழந்துவிடும். சிறியவற்றுக்கு மட்டுமே வாசல் திறந்திருக்கிறது. நாவல், திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் மட்டுமல்லாமல் பழைய புராணம், ஒரு பாட்டு, ஓர் ஓவியம், ஒரு விளம்பரம்கூட அங்கே கதைக்கு மூலமாகலாம். இந்த விதியால்தான் யூல்டைட்டின் புள்ளிவிபரங்கள் மற்ற இலக்கியக் கணக்குகளில் தென்படாத ஒன்றைக் காட்டுகின்றன.

பிறர் கதைக்குள் நுழைந்து எழுதுவது தமிழருக்குப் புதிதன்று. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சியாக விக்கிரமன் நந்திபுரத்து நாயகியை எழுதினார். கல்கி முடிக்காமல் விட்டுச் சென்ற அமரதாராவை, தந்தையின் குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி எழுதி முடித்தார். மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் ஊன்றி, ரதியும் மன்மதனும் தூதனும் எமனுமாக வேடமிட்டு, தப்பு முழங்க ஆடுகிற காமன் கூத்திலும் இதே உந்துதல் இருக்கிறது. காமன் எரிவான் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் தோட்டத்துக்குத் தோட்டம் பாட்டும் பேச்சும் வேறுபடும். ரதியின் புலம்பலில் அந்தந்த லயத்தின் துயரம் வந்து சேரும். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கூத்துகளுக்கும் இது பொருந்தும். தெரிந்த கதையைத் தம் வாழ்க்கைக்கு ஏற்பத் திரும்பச் சொல்லும் பழக்கம் இந்த மலைகளில் ஏற்கெனவே வேரோடியிருக்கிறது. நேர்த்திக்கடனாக வேடம் கட்டுகிறவர் காசுக்காக ஆடுவதில்லை என்பதையும் சேர்த்து நினைக்கலாம்.

இனிக் கணக்குக்கு வரலாம். ஒரு பரிமாற்றத்தில் எண்ணத்தக்கவை பல. பதிந்தவர்கள் எத்தனை பேர், கேட்கப்பட்ட கதையுலகங்கள் எத்தனை, எழுத முன்வந்தவை எத்தனை, முடிச்சுப் போட முடியாமல் போனவர்கள் எத்தனை பேர், ஒப்புக்கொண்டு எழுதாமல் விட்டவர்கள் எத்தனை பேர், ஒப்படைக்கப்பட்டவற்றுக்கு மேலாக யாரும் கேளாமலே அன்பளிப்பாக எழுதப்பட்டவை எத்தனை என்று இந்தப் பட்டியல் நீளும். பல ஆண்டுகளாக யூல்டைட்டில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட கதைகள் வருகின்றன. கேட்போர் கண்ணில் முதலில் படுவது அந்த எண்தான். பதிவுத் தொகையைவிடக் கதைத் தொகை எப்போது மிகுகிறதோ, அப்போது கடமைக்கு அப்பால் எழுதியவர்கள் இருந்தார்கள் என்று பொருள். ஒரு பரிமாற்றத்தின் உடல்நலத்தை அந்த மிகுதி காட்டும். ஆனால் உள்ளே இன்னும் ஆழமான எண்கள் இருக்கின்றன.

புத்தகக் கடையின் கணக்கு, நூலகத்தின் கணக்கு, பத்திரிகையின் விற்பனைக் கணக்கு ஆகிய அனைத்தும், எழுதி முடித்து அச்சேறிய பின் வாசகர் செய்ததை எண்ணுகின்றன. இன்னும் எழுதப்படாத ஒன்றுக்கு வாசகர் மனத்தில் இருக்கும் ஆசையை அவற்றால் எண்ண முடியாது. பரிமாற்றத்தின் முதற்பட்டியல் அந்த ஆசையின் பதிவு. இரண்டாவது பட்டியல், அந்த ஆசையை நிறைவேற்றும் ஆற்றல் எங்கே இருக்கிறது என்பதன் பதிவு. ஒரே நேரத்தில், ஒரே மக்களிடம், வேட்கையையும் ஆற்றலையும் எடுத்த கணக்கு இலக்கிய உலகில் அரிது.

இதை விளக்க ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். இருபது பேர் சேர்ந்து ஆளுக்கு மூன்று கதைகளைக் கேட்கிறார்கள் என்று கொள்வோம். மொத்தம் 60 கேள்விகள். எல்லோரும் அறிந்த ஒரு நாவலை 12 பேர் கேட்கிறார்கள்; அடுத்ததை 6 பேர். மீதி 42 கேள்விகள் 35 நூல்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் ஏழு நூல்களை இருவர் இருவராகவும், இருபத்தெட்டு நூல்களை ஒவ்வொருவராகவும் கேட்டிருக்கிறார்கள். சராசரி பார்த்தால் ஒரு நூலுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல் வரும். அந்தச் சராசரி எதையும் சொல்வதில்லை. பெரிய நூலையும் அது சரியாகக் காட்டவில்லை, சிறிய நூலையும் சரியாகக் காட்டவில்லை. நீண்டு மெலியும் வாலைப் போலப் பரவும் இத்தகைய கணக்கில், எத்தனை நூல்களின் பெயர் பட்டியலில் ஏறியது என்ற எண்ணே பொருளுள்ளது. இங்கே அது 37.

அந்த 37 ஐப் பதிப்பாளர் பார்த்தால் இரண்டு நூல்களை மட்டும் மறுபதிப்பிடுவார். மற்றவற்றுக்கு வாங்குவோர் இல்லை என்பார். அவர் நிலையில் அது நியாயமே, நூற்றுக்கணக்கில் விற்றால்தான் அச்சுச் செலவு திரும்பும். பரிமாற்றத்துக்கோ ஒரு நூலைக் கேட்பவர் ஒருவரும், அதைப் பற்றி எழுதக்கூடியவர் ஒருவரும் இருந்தால் போதும். அந்த இருவரையும் அடையாளம் கண்டு இணைத்துவிட்டால், பலர் மறந்துபோன ஒரு கதைக்குப் புதிய பக்கங்கள் கிடைத்துவிடுகின்றன. பரிமாற்றத்தின் வெற்றியை அளக்க வேண்டிய கோல், வந்து சேர்ந்த கதைகளின் தொகையைவிட, உயிரோடு வைத்திருந்த கதையுலகங்களின் தொகைதான். யூல்டைட் பற்றிய விவாதங்களில் இந்த வேறுபாடு அடிக்கடி மறக்கப்படுகிறது. பதிவு கூடியதா குறைந்ததா என்பதையே எல்லோரும் பார்க்கிறார்கள்.

கேள்விக்கும் முன்வருகைக்கும் உள்ள விகிதமும் கவனத்துக்குரியது. சில நூல்களைக் கேட்பவர் பலர், எழுத வருபவர் சிலர். அவை வாசகருக்குப் பிடித்தவை, ஆனால் எழுதுவதற்கு அஞ்சத்தக்கவை. மூல ஆசிரியரின் நடை அவ்வளவு தனித்தன்மை கொண்டதாக இருக்கலாம், அல்லது வரலாற்று விபரம் அதிகம் வேண்டியிருக்கலாம். வேறு சிலவற்றுக்கு எழுத வருவோர் பலராகவும் கேட்போர் ஓரிருவராகவும் இருப்பார்கள். பெரும்பாலும் அவை எல்லோரும் சிறு வயதில் படித்து, மேலும் கேட்கத் தோன்றாமல் விட்ட கதைகள். முடிச்சுப் போடும் கணினி முதலில் அரிதானவற்றைக் கவனிக்க வேண்டியிருக்கும். ஒரே ஒருவரால் மட்டும் எழுதக்கூடிய நூலை முதலில் ஒப்படைக்காவிட்டால், அவர் வேறொரு பொது நூலுக்குப் போய்விடுவார். கேட்டவர் தனியே நிற்பார்.

காலப்போக்கில் தெரியும் போக்குகள் மூன்று விதமானவை. ஒரு திரைப்படமோ தொடரோ வெளிவந்த ஆண்டில் திடீரெனக் கேள்வி பெருகி, இரண்டொரு ஆண்டில் அடங்கிவிடுவது ஒன்று. பெருகிய கேள்வி அடங்காமல் வளர்ந்து, எல்லையைத் தாண்டி, யூல்டைட்டை விட்டே வெளியேறிவிடுவது இன்னொன்று. அங்கே ஒரு கதையுலகம் பட்டியலிலிருந்து மறைவது அதன் வளர்ச்சியின் அடையாளமாகவும் இருக்கலாம். காரணம் பாராமல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இதை வீழ்ச்சி என்று தவறாக எழுதிவிடுவார். மூன்றாவது விதம், கூடாமலும் குறையாமலும் ஆண்டுதோறும் வந்துகொண்டேயிருக்கும் பழைய நூல்கள். டொரத்தி சேயர்ஸின் லோர்ட் பீட்டர் விம்சி துப்பறியும் கதைகளும், சுசானா கிளார்க் 2004 இல் எழுதிய ஜொனதன் ஸ்ட்ரேஞ் அன்ட் மிஸ்டர் நொரல் நாவலும் நெடுங்காலம் இந்த வரிசையில் இருந்தன. மூன்றிலும் மதிப்பு மிக்கது இதுவே. இத்தகைய நூல்கள் பெரும்பாலும் படித்தவர் அடுத்தவருக்குச் சொல்லிச் சொல்லியே தொடர்கின்றன.

முதல் விதத்துக்குத் தமிழில் நல்ல எடுத்துக்காட்டு பொன்னியின் செல்வன். கல்கியின் படைப்புகள் 1999 இல் நாட்டுடைமையானதும், பல பதிப்பகங்கள் மலிவு விலையில் அதை வெளியிட்டன. மணிரத்னத்தின் படம் 2022 செப்டெம்பரிலும் அதன் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரலிலும் வந்தபோது, உலகெங்கும் பரந்த தமிழ் இளையோர் வந்தியத்தேவனையும் அருள்மொழியையும் குந்தவையையும் வைத்துக் கதை எழுதத் தொடங்கினார்கள். அந்தக் கதைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. இதில் வருந்தவும் இடமுண்டு, மகிழவும் இடமுண்டு. மூலத்தைத் தமிழில் படிக்க இயலாத பிள்ளைகளும் அந்த உலகத்துக்குள் வாழ வழி தேடியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழில் எழுதிக் காட்ட ஆள் வேண்டும்.

மொழிக் கணக்கு இதை இன்னும் தெளிவாக்குகிறது. காப்பகத்தில் மிகப் பெரும் பங்கு ஆங்கிலம். அடுத்த இடம் சீனத்துக்கு. 2020 பெப்ரவரி 29 இல் சீனாவில் அந்தத் தளம் முடக்கப்பட்ட பின்னும் சீனத்தின் இடம் பறிபோகவில்லை. அதே ஆண்டில் பெருந்தொற்றால் வீடடங்கியிருந்த மக்கள் வாசிப்புக்கும் எழுத்துக்கும் திரும்பியதால், ஒட்டுமொத்தப் பாவனை வெகுவாக உயர்ந்தது. தமிழ் அங்கே மிகச் சிறிய மூலையில் இருக்கிறது. தமிழில் தொடர்கதை எழுதுவோர் பிரதிலிபி போன்ற தளங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் கேட்க இன்னொருவர் எழுதும் முறை அங்கே இல்லை. பாராட்டும் வாசிப்புத் தொகையும் அங்கே எண்ணப்படுகின்றன. எதை வாசிக்க ஏங்குகிறார்கள் என்பது எண்ணப்படுவதில்லை.

இத்தகைய எண்களைக் கையாளும்போது சில எச்சரிக்கைகள் தேவை. 2013 இல் அந்தக் காப்பகத்தின் பயனர்களிடையே ரசிகர் ஒருவர் தாமாகவே நடத்திய கணக்கெடுப்பில் பத்தாயிரம் பேருக்கு மேல் பதில் சொன்னார்கள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் பெண்கள். சராசரி வயது இருபத்தைந்து அளவில் இருந்தது. பெரிய தொகைதான். ஆனால் பதில் சொல்ல விரும்பியவர்களே சொன்னார்கள். கேள்வித்தாள் எந்தச் சமூக வலைத்தளத்தில் பரவியதோ, அங்கே இருந்தவர்களின் குரலே மிகுதியாகப் பதிவானது. பத்தாயிரம் என்ற பெருந்தொகை இந்தக் கோணலை நிமிர்த்திவிடாது. ஒழுங்காகத் தெரிவு செய்த ஐந்நூறு பேர், தாமாக வந்த பத்தாயிரம் பேரைவிட நம்பகமானவர்கள்.

பார்வைத் தொகையும் ஏமாற்றும். பழைய கதை நெடுநாள் கிடப்பதால் அதன் பார்வை கூடும். பல அத்தியாயம் கொண்ட கதையை ஒரே வாசகர் பலமுறை திறப்பார். பெயர்ச் சிக்கல் இதைவிடப் பெரியது. ஒரே பாத்திரத்தின் பெயரைப் பத்துப் பேர் பத்து விதமாக எழுதினால், கணினிக்கு அவர்கள் பத்து வெவ்வேறு ஆட்கள். காப்பகத்தில் இந்தப் பெயர்களை ஒன்றுசேர்ப்பதற்கென்றே தொண்டர் படையொன்று வேலை செய்கிறது. ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரத்துக்கும் ளகரத்துக்கும் ஆளுக்கொரு முறை கையாளப்படுவதால், தமிழ்ப் பெயர்களில் இந்தச் சிதறல் அதிகம். தமிழ்க் கதையுலகங்களின் தொகை அங்கே குறைவாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கணக்கு புசல்லாவைக்கு எப்படிப் பொருந்தும்? கம்பளைக்கும் நுவரெலியாவுக்கும் இடையே மலையேறும் பாதையில் இருக்கும் இந்த ஊரின் ரொத்சைல்ட் தோட்டம் இலங்கைத் தேயிலையின் தொடக்க வரலாற்றிலேயே பெயர் பெற்றது. கோப்பிக் காலத்திலேயே, 1841 அளவில், வேர்ம்ஸ் சகோதரர்கள் அங்கே சீனத் தேயிலைக் கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். கன்று நட்டவரின் பெயர் ஏட்டில் இருக்கிறது. கொழுந்து பறித்தவர்களின் கதை ஏட்டில் ஏறுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. சி. வி. வேலுப்பிள்ளை 1954 இல் ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதையைச் சக்தீ பால ஐயா தமிழாக்கினார். கோகிலம் சுப்பையாவின் தூரத்துப் பச்சை 1964 இல் வந்தது. மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் வீரகேசரியும் நடத்திய போட்டிகளில் பரிசு பெற்ற சிறுகதைகள் 1971 இல் கதைக்கனிகள் என்ற தொகுப்பாயின. தெளிவத்தை ஜோசப்பின் காலங்கள் சாவதில்லை 1974 இலும், என். எஸ். எம். இராமையாவின் ஒரு கூடைக் கொழுந்து தொகுப்பு 1980 இலும், சி. வி. வேலுப்பிள்ளையின் வீடற்றவன் அதற்கடுத்த ஆண்டிலும் நூலாயின. 1997 இல் துரை விஸ்வநாதன் தம் துரைவி பதிப்பகத்தின் மூலம் மலையகச் சிறுகதைகளைத் திரட்டிப் பெருந்தொகுப்பாக்கினார்.

யூல்டைட்டின் விதிப்படி பார்த்தால் இந்த நூல்கள் ஒவ்வொன்றுக்கும் தகுதி உண்டு. எல்லாமே நீண்ட வாலின் மெல்லிய நுனியில் இருப்பவை. 1960 களின் சிறுகதைப் போட்டிகள் எழுத்தாளரைத் தேடிக் கண்டுபிடித்தன. அந்தப் பணி நன்றாகவே நடந்தது. வாசகரின் ஆசையைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலைதான் மிச்சம். ஒரு கூடைக் கொழுந்தில் வரும் பெண் முதுமையில் எப்படி இருந்திருப்பாள், காலங்கள் சாவதில்லை காட்டும் தோட்டத்தின் இன்றைய பிள்ளைகள் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்றெல்லாம் அறிய விரும்பும் வாசகர் இந்த மலைகளில் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்டுப் பதிந்ததில்லை.

உரிமைச் சட்டமும் கவனிக்கப்பட வேண்டும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் காலமாகி எழுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. 1984 இல் மறைந்த சி. வி. வேலுப்பிள்ளையின் நூல்கள் 2054 வரை அந்தக் காப்பில் இருக்கும். பரிமாற்றக் கதைகளை விற்கவும் அச்சிட்டுப் பரப்பவும் கூடாது. மூல ஆசிரியரின் பெயரை ஒவ்வொரு கதையின் மேலும் எழுத வேண்டும். உரிமையாளர் உயிரோடு இருந்தால் அவரிடம் ஒரு சொல் கேட்டுவிடுவது நாகரிகம். காசு கைமாறாத பரிசு முறைக்கு இந்த ஒழுக்கம் இயல்பாகவே பொருந்திவருகிறது.

மூல நூல்கள் கிடைக்காத குறையும் பெரும்பாலும் நீங்கிவிட்டது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் மலையக நூல்களும் பழைய இதழ்களும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. கைத்தொலைபேசி இருந்தால் லயத்து வாசலில் இருந்தே படிக்கலாம்.

இருபது பேர் சேர்ந்தால் ஒரு பரிமாற்றம் நடத்தலாம். தீபாவளிக்கு முன் பெயர் பதிந்து, தைப்பொங்கல் அன்று கதைகளைத் திறக்கலாம். கணினி நிரல் எதுவும் தேவையில்லை. நான்கு பத்தி போட்ட ஒரு கொப்பி போதும். கேட்டவர், கேட்ட நூல், எழுதுபவர், கதை வந்த திகதி ஆகியவை அந்த நான்கு பத்திகள். முதலாண்டுக் கொப்பியைக் கிழித்தெறியாமல் வைத்திருந்து, அடுத்த ஆண்டுக் கொப்பியோடு ஒப்பிட்டால், மலையகத்தின் எந்தக் கதை இன்னும் கேட்கப்படுகிறது என்பதற்கு முதன்முறையாக ஓர் எழுத்துச் சான்று கிடைக்கும். புசல்லாவையின் உயர்தர வகுப்பு மாணவரும், தமிழ் கற்பிக்கும் ஆசிரியரும், வாசிகசாலைகளில் ஆர்வமுள்ள இளைஞரும் இந்த ஆண்டே அந்தக் கொப்பியைத் திறக்க வேண்டும்.